நாத்தனார் சேலையில் எழுதிய பெயர்

பீரோவின் அடித்தட்டில், பழைய புடவைகளுக்குக் கீழே வைத்திருந்த அந்தக் கல்யாண ஆல்பப் பக்கத்தை நேற்று வெளியே எடுத்தேன். சிவப்பு பழுப்பாகிவிட்டது. பச்சைக் கரை மட்டும் அப்படியே இருக்கிறது. பக்கத்தின் குறுக்கே 'பூங்கொடி' என்ற பெயர், பட்டுச்சேலையிலிருந்து கத்தரித்து ஒட்டியது போல. உங்களுக்கு நினைவிருக்கும். நினைவில்லாதவர் மாதிரி இருந்தே போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

எடுக்க வைத்தது உங்கள் மகள். உங்கள் காரியம் முடிந்த வாரம் என் பீளமேட்டு வீட்டுக்கு வந்தாள். "அத்தை, அப்பா படமெல்லாம் சேர்த்து ஃபோன்ல பாக்கற மாதிரி ஒரு ஆல்பம் பண்றோமுங்க. ரெடிமேடு எழுத்து எதுவும் எடுப்பா வரலைங்க. முதல் பக்கத்துல அப்பா பேரு மட்டும் நீங்க போட்டுக் குடுங்க" என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் கல்யாண ஆல்பத்துக்குக் கம்ப்யூட்டரில் பக்கம் செய்வது கோவைக்குப் புதுசு. உங்கள் போட்டோ ஸ்டுடியோவுக்குக் கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் வாங்கிவிட்டு, ஓட்டத் தெரியாமல் துணி போட்டு மூடி வைத்திருந்தீர்கள். நான் பக்கத்துக் கடையில் கல்யாணப் பத்திரிகை மடித்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்ணா, அந்தத் துணிய எடுத்துப்போட்டு நான் பாக்கட்டுங்களா?"

"கெட்டுப் போச்சுன்னா அம்மணி?"

"மூடி வெச்சுக் கெடறதுக்கு ஓடிக் கெடட்டுமுங்க."

சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டீர்கள். அதற்கு மேல் யாரும் எனக்கு எதையும் சொல்லித் தரவில்லை. மெனுவில் இருந்த ஆங்கிலத்தை நான் படிக்கவில்லை. எது எந்த வரியில் இருக்கிறது என்று இடத்தை மனப்பாடம் செய்தேன். அதிலிருந்த தமிழ் எழுத்துகளோ நூல் மாதிரி மெலிசு. பெண்ணின் பெயரை எழுதி, எழுத்துக்குள் சேலைப் படத்தை நிரப்பினால் கரையும் தெரியாது, ஜரிகையும் தெரியாது. அதனால் ஒவ்வொரு எழுத்தையும் மவுஸால் நானே வரைந்து தடிமனாக்கினேன், சுழிகள் அடைத்துக்கொள்ளாமல். போட்டோவில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ, எழுத்தின் நிழலை அதற்கு எதிர்ப்பக்கம் விழவைத்தேன்.

"முகம் நல்லா இருந்தா எழுத்த யாரு பாக்கறாங்க?" என்பீர்கள். ஆனால் வந்தவர்கள் முதலில் விரலால் தடவியது எழுத்தைத்தான், நிஜத்துணி ஒட்டியிருக்கிறது என்று நினைத்து. "இது யாருங்க பண்ணுனது?" என்று கேட்பார்கள். "நம்ம ஸ்டுடியோ வேலைங்க" என்பீர்கள். நான் அதே அறையில்தான் உட்கார்ந்திருப்பேன்.

கடைசிப் பக்கத்தின் மூலையில் என் பெயரைச் சின்னதாகப் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். எனக்கென்று வேறெதுவும் நான் உங்களிடம் கேட்டதில்லை. "அடுத்த ஆல்பத்துல போட்டுக்கலாம் அம்மணி" என்றீர்கள். ஒவ்வொரு ஆல்பத்துக்கும் ஓர் அடுத்த ஆல்பம் இருந்தது.

அப்போதுதான் கோபிசெட்டிபாளையத்துக் கல்யாணம் வந்தது. பெண்ணின் பெயரை அவளுடைய முகூர்த்தச் சேலையாலேயே நிரப்ப வேண்டும், சேலையைக் கிட்டத்தில் ஒரு படம் எடுத்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். கொண்டு வந்தீர்கள். முகம் கிடையாது, துணி மட்டும். அரக்குச் சிவப்பு, பச்சைக் கரை.

"பொண்ணு சேலைதானுங்களாண்ணா?"

"பின்ன? மாப்பிள்ளை பக்கத்துல நின்ன சேலை. நீ போடு அம்மணி."

பக்கத்தில் நின்றது உண்மைதான். நம் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டல்லவா? மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் மணப்பெண் போலவே அலங்கரித்துக்கொண்டு அவன் பக்கத்தில் நிற்பாள். அங்கே எடுத்த படம் அது. முகூர்த்தக் கூட்டத்தில் பெண்ணின் சேலையை எடுக்க மறந்துவிட்டீர்கள். நான் கேட்டதும் சிவப்புக்குச் சிவப்பு என்று நாத்தனார் சேலையை நீட்டிவிட்டீர்கள். பின்னால் நெகட்டிவ்களை வெளிச்சத்தில் பிடித்துத் தேடினேன். பெண்ணின் சேலை கிட்டத்தில் ஒன்றுகூட இல்லை; இருந்த படங்களிலும் மாலை கரையை மறைத்திருந்தது.

ஆல்பத்தைப் பிரித்ததுமே பெண்ணின் அம்மா கண்டுபிடித்துவிட்டார். "ஏனுங்க, எம்புள்ள கட்டுனது நீலக் கரைங்க. இது அவ நாத்தனா இணைச்சீருக்குக் கட்டுனது. எம்புள்ள பேர நாத்தனா சேலையிலயா எழுதி வெப்பீங்க?"

நாத்தனாரும் கூட வந்திருந்தாள். "இருக்கட்டுமுங்கத்தை. ஊட்டுல நாஞ் சொல்றதுதான நடக்கப் போகுது, பேரும் எஞ்சேலையிலயே இருக்கட்டும்" என்று சிரித்தாள். அந்தப் பெண் பூங்கொடி குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. அவள் அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

அப்போதுதான் என் பக்கம் கையைக் காட்டினீர்கள். "எழுத்து வேலையெல்லாம் இந்தம்மாவுதுங்க. நம்முளுது போட்டோ மட்டும்தானுங்க."

அதுவரை ஓர் ஆல்பத்திலும் என் பெயரில் ஏறாத வேலை, அன்றைக்குத்தான் என்னுடையது ஆயிற்று.

"நீங்க குடுத்த படந்தானுங்ணா அது" என்றேன். "பெரியவங்க முன்னாடி வாயாடாத அம்மணி" என்று அடக்கினீர்கள். அவர்கள் அந்தப் பக்கத்தைப் பிய்த்து மேசையில் போட்டுவிட்டுப் போனார்கள். அதைத்தான் வைத்திருக்கிறேன்.

அடுத்த வாரம் ரெடிமேடு டிசைன் சிடி வாங்கி வந்தீர்கள். போகச் சொல்லவில்லை, வேலையும் தரவில்லை. நானே எழுந்து வந்தேன். மற்ற ஸ்டுடியோக்களில் கேட்டுப் போனால், "அந்தச் சேலைய மாத்திப் போட்டது நீங்கதானுங்களே?" என்று கேட்டார்கள். நம் ஊரில் இதையும் மரியாதையாகத்தான் கேட்பார்கள்.

உறவு என்னவோ அறுந்துபோகவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் உங்கள் தோட்டத்து வாழைத்தாரோடு வருவீர்கள். காப்பி குடிப்பீர்கள், மழையைப் பற்றிப் பேசுவீர்கள், மகள் படிப்பைப் பற்றிப் பேசுவீர்கள். அதைத் தவிர எல்லாவற்றையும் பேசுவீர்கள். நீங்கள் தெருமுனை திரும்பியதும் பழங்களை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடுவேன். ஒன்றைக்கூட நான் வாயில் வைத்ததில்லை.

கடைசியில் ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்ற எழுத்து மாதிரி வராது அம்மணி" என்றீர்கள். இன்னும் ஒரு வாக்கியம் வரும் என்று படுக்கையோரம் நின்றிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டீர்கள். பழி சொல்லும்போது கடை நிறைய ஆட்கள் இருந்தார்கள். புகழும்போது அந்த அறையில் நாம் இரண்டு பேர்தான். உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் இந்த மடல் அழகாக முடியும். ஆனால் நான் மன்னிக்கவில்லை.

இருந்தாலும் உங்கள் மகளுக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். மூலையில் என் பெயர் இருக்கும், அதற்குச் சம்மதமா என்று மட்டும் கேட்டேன். "இதென்னங்கத்தை கேக்கறீங்க, தாராளமாப் போடுங்க" என்றாள். எத்தனை சுலபமாகச் சொல்லிவிட்டாள், பாருங்கள்.

உங்கள் பெயரைப் பழையபடியே வரைந்தேன். இப்போதும் சுழி அடைக்கவில்லை. உள்ளே மலையா வானமா, எதை நிரப்புவது என்று கேட்டாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பீரோவிலிருந்து எடுத்த பக்கத்தை ஃபோனில் படம் பிடித்து, அந்தப் பழைய எழுத்துகளிலிருந்து சேலையை உருவி, உங்கள் பெயருக்குள் நிரப்பினேன். அரக்குச் சிவப்பு, பச்சைக் கரை. மூலையில் என் பெயர்.

உங்கள் மகள் விரலால் தடவிப் பார்த்தாள். "எவ்வளவு அழகா இருக்குதுங்கத்தை! யாரு சேலைங்க இது, அம்மாவுதுங்களா?"

"உங்கப்பா எடுத்த படம் கண்ணு" என்றேன்.

அதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன். யார் சேலை என்று சொல்ல வேண்டியவர் நீங்கள்.