ஐந்தாவது றக்அத்து

சாய்ந்தமருது
வெள்ளிக்கிழமை காலை

அன்பு மகள் ஸம்றாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் சுகம் என்று எழுதுவதுதான் வழமை, எழுதிவிட்டேன், ஆனால் அதில் பாதி பொய் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். போனில் கதைத்தால் வாப்பா பக்கத்தில் வந்து நின்றுவிடுவார், அதனால்தான் பேனை எடுத்தேன், பக்கத்து வீட்டு சித்தி லைலாவின் மகன் ஹாதிக் நாளை நீ இருக்கும் மெல்பேர்னுக்கு வருகிறானாம், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். உன் தங்கை அம்ஹா அட்டாளைச்சேனைக் கல்லூரியில் இருந்து நாளைதான் வருவாள், அதற்குள் முடிக்க வேண்டும், அவளுக்கும் இது தெரியாது.

உங்கள் ஆராய்ச்சியில் பழைய படைவீரர்களிடம் கேட்கும் கேள்விகளைப் போன மாதம் அனுப்பி, வாப்பாவுக்கும் பொருந்துமா பார்த்துச் சொல்லுங்கள் உம்மா என்றாய். யுத்த காலத்தில் ஊர்க்காவல் படையில் இருந்தபோது காவலரண் பக்கத்தில் குண்டு வெடித்ததும், கூட நின்ற முனாப் மௌத்தானதும், ஒரு சொட்டு இரத்தம் இல்லாமல் வாப்பா நடந்தே வீட்டுக்கு வந்து சோறு தின்றதும் உனக்குத் தெரிந்த கதைதான். காயமில்லை என்று நாங்கள் அல்ஹம்துலில்லாஹ் சொன்னோம், காயம் தலைக்குள் இருக்கும் என்று யார் கண்டது? மறதி உண்டா, திடீர்க் கோபம் உண்டா என்று நீ கேட்டதற்கெல்லாம் இல்லை, இல்லை என்றே பதில் போட்டேன். அதைப் பார்த்து உங்கள் பெரிய டாக்டர் அவசரமில்லை என்றாராம், தலையைப் படம் பிடிப்பதை அடுத்த வருடம் லீவில் வரும்போது பார்க்கலாம் என்றாய். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இப்போதும் வாசல் கேற் சத்தம் கேட்டு, வாப்பா எங்கேயும் போகிறாரோ என்று ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன், பூனை.

வாப்பா பள்ளிவாசலுக்குப் போகாததற்கு முழங்கால் நோ என்று ஊருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், முழங்காலில் ஒன்றுமில்லை, தொழுகையில் றக்அத்து எண்ணிக்கை தவறுகிறது, எத்தனை தரம் எழும்பிக் குனிந்தோம் என்பது அவருக்கு நினைவில் நிற்பதில்லை. வீட்டில் அவர் முன்னுக்கு நின்று தொழுவிக்க நான் பின்னால் நிற்பேன், பிழை விட்டால் பெண்பிள்ளை கைதட்டித்தானே உணர்த்த வேண்டும், முதலில் மாதத்துக்கு ஒருதரம் தட்டினேன், இப்போது வக்துக்கு வக்து, ஒவ்வொரு தொழுகையிலும். இடது காதும் மந்தம், பலமாகத் தட்டினால்தான் கேட்கும். விசர், பைத்தியம் என்று ஊர் ஒருமுறை பெயர் வைத்தால் அது கபுறுக் குழி வரைக்கும் வரும் என்ற பயத்தில் எல்லாவற்றையும் நானே மூடி மூடி வைத்தேன்.

நேற்றுப் பின்னேரம் அஸர் தொழுகையில் நாலு றக்அத்தும் முடிந்து, இல்லாத ஐந்தாவதுக்கு எழும்பினார். தட்டினேன், கேட்கவில்லை, இன்னும் பலமாகத் தட்டினேன். முனாப், குனிடா, குனிடா என்று வாப்பா கத்திக்கொண்டு பாயில் குப்புற விழுந்து இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டார். தொட்ட என்னைத் தள்ளிவிட்டார், பிறகு என் முகத்தைப் பார்த்து அழுதார். கொஞ்சம் பொறுத்து, நான் எத்தின றக்அத்து தொழுத எண்டு கேட்டார், ஐந்தாவதுக்கு எழும்பினதை மறைத்து நாலுதான் எண்டு சொன்னேன். ஓம் என்று உடனே நம்பிவிட்டார். அந்த மனிசன் என்னை நம்பினதுதான் மகள் எனக்குத் தாங்கவில்லை.

இனி என்னால் கைதட்ட ஏலாது. கொழும்பில் யாரிடம் காட்டலாம் என்று விசாரித்து உடனே சொல், லீவு வரைக்கும் வைக்காதே. குளிருக்குக் காதை மூடிக்கொள், நேரத்துக்குத் தின். அல்லாஹ் உன் படிப்பில் பறக்கத் செய்யட்டும், அது உன் வாப்பாவுக்கும் உதவட்டும். ஒன்றை மறந்துவிடாதே, அந்தக் கேள்வித் தாளில் நான் இல்லை என்று சொன்ன இடமெல்லாம் ஓம் என்று மாற்று. எத்தனை காலமாக என்று கேட்டிருக்கும் இடத்தில் மூன்று வருடம் என்று எழுது.

இப்படிக்கு,
உன்னிடமும் பொய் சொன்ன உம்மா
சுஹறா