காலண்டருக்குப் பின்னால் இருந்தது

அன்புள்ள நைனாவுக்கு,

மஸ்கட்டிலிருந்து செல்வி எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? வெயில் ஏறிய பிறகு ஆட்டோ ஓட்டாதீர்கள்.

நேற்று சிரிப்பாக ஒன்று நடந்தது. எங்கள் அறைச் சுவரில் சின்னதாக ஓர் எட்டுக்கால் பூச்சி. கூட இருக்கும் பெண்கள் விஷப்பூச்சி என்று செருப்பைத் தூக்கிவிட்டார்கள். நான் குறுக்கே போய் நின்றேன். கறுப்பு உடம்பில் வெள்ளைக் கோடு. பக்கத்தில் வலை இல்லை. மந்தைவெளி வீட்டில் காலண்டருக்குப் பின்னால் இருந்ததும் இப்படித்தானே இருக்கும்? அம்மா துடைப்பத்தை எடுத்தால், "அது உன்ன இன்னா பண்ணிச்சு? கொசுவத்தான துன்னுகினு கீது, வுடு" என்பீர்கள். என்னிடம், "வெரல நீட்டு. திரும்பிப் பாத்தா அது நம்ம வூட்டுதுதான்" என்பீர்கள்.

நீட்டினேன் நைனா. திரும்பிப் பார்த்தது.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் தினசரிக் காலண்டர் ஒன்று கொடுத்தனுப்புங்கள். பழைய வருடத்தது போதும், தேதி போனிலேயே தெரிகிறது. இங்கே சுவரில் ஒன்றுமே இல்லை. பாவம், எங்கே போய் இருப்பதென்று தெரியாமல் அது சுற்றிக்கொண்டே இருக்கிறது.

கம்பெனி வண்டி வந்துவிட்டது.

செல்வி