இரண்டு குழாயிலும் இருந்தது

இன்று காலை ஆய்வுகூடத்தில் ஈஸ்ட் வளர்த்த குடுவையைத் திறந்ததும் புளித்த வாடை முகத்தில் அடித்தது. "ஆப்ப மா பொங்கிருச்சுடி!" என்று கத்துவாயே, அந்தக் குரல் கேட்டது. மூடி வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

தொண்ணூறுகளில் நாம் இருவரும் ஒரே மேசையில் வேலை பார்த்தோம். இதே ஈஸ்டின் கலங்களை உடைத்து, கலத்துக்குச் சக்தி தரும் இழைமணிகளை ஒரு குழாயிலும் மிச்சக் குழம்பை இன்னொன்றிலுமாகப் பிரித்தாய். நாம் ஆராய்ந்த மரபணு ஒன்றுதான். ஆனால் அதன் புரதம் இரண்டு குழாயிலும் இருந்தது. நீ ஒழுங்காகப் பிரிக்கவில்லை என்று சிரித்தேன்.

"மூணு தடவ பிரிச்சுட்டேன்டி. எங்கம்மா காலையில வேலைக்குப் பேரு குடுக்க பெரட்டுக்களத்துல நிப்பாங்க, அந்தியில லயத்து வீட்டுல நிப்பாங்க. ஆளு ஒண்ணுதானே?"

நம் ஆய்வுக்குப் பொறுப்பான சேர் என்னிடம் தனியாகக் கேட்டார். உன் கைவேலை சரியில்லை என்றேன். பொறாமைதான், வேறென்ன. உன் ஆய்வை நிறுத்தினார்கள். நான் சொன்னது உனக்குத் தெரியாது. உன் தேயிலைத் தோட்டத்துக்கே திரும்ப நோட்டன் பிரிட்ஜ் பஸ் ஏறும்போதும், "போயி சாப்புடுடி, மூஞ்சி வாடிக் கெடக்கு" என்றாய்.

ஆறேழு வருடம் கழித்து அதே மரபணு என் கைக்கு வந்தது. அதை வாசிக்கக் கலத்துக்கு இரண்டு தொடக்கப் புள்ளிகள். முதலாவதில் தொடங்கினால் புரதத்தின் முன்னால் ஒரு சிறு துண்டு சேர்கிறது. இழைமணிக்குப் போக அதுதான் முகவரி. இரண்டாவதில் தொடங்கினால் அந்தத் துண்டு இல்லை, புரதம் குழம்பிலேயே தங்கிவிடுகிறது. நீ கண்டது சரி. அன்றே எல்லாவற்றையும் எழுதி, மன்னிப்புக் கேட்டு, உனக்குத் தபாலில் போட்டேன். பதில் வரவில்லை. கோபமாக்கும் என்றிருந்தேன்.

மறு வருடம் உன் சாவுச் செய்தி வந்தது. மூன்று நாள் காய்ச்சலாம். ஓடி வந்தேன். உன் அம்மா என் கடிதத்தைப் பிரிக்காமலே கொண்டுவந்து நீட்டினார்.

"நேத்துதாம்மா தோட்டத்து ஆபீசுல குடுத்தாங்க. கீழ்க்கணக்குல இதே பேருல ஒரு புள்ள, கொழும்புல வேலைக்குப் போயிருச்சு. அது வந்து எடுத்துக்கும்னு இத்தன நாளா வச்சிருந்தாங்களாம்."

தோட்டத்தில் எந்தப் பிரிவு என்று நான் எழுதவில்லை. மேல்கணக்கு என்று ஒரே ஒரு சொல் சேர்த்திருந்தால் போதும். முகவரித் துண்டு இல்லாவிட்டால் புரதம் போய்ச் சேராது என்று பக்கம் பக்கமாக விளக்கிய கடிதமடி அது.

"தோத்துப் போயி வந்துட்டேன்மான்னு கடைசி வரைக்கும் அழுதுச்சு எம்புள்ள. நீ அதுல என்னம்மா எழுதியிருந்த?"

"நல்லா இருக்கியான்னு கேட்டிருந்தேம்மா" என்றேன்.