ஸ்டெப்னிக்குப் பக்கத்து இடம்

ஸ்ரவந்தி நைனாவுக்கு,

லாட்ஜ் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். சோறும் கீரைக் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். அம்பாசிடர் சாவி சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிட்டேன்.

குவைத்திலிருந்து லீவில் வந்த இந்த மாதம் பூராவும் அந்த டிக்கியைத்தான் அடுக்கினீர்கள். ஜாக்கி, ஸ்பேனர், ஃபேன் பெல்ட், பிளக் எல்லாம் அசையாமல் உட்கார்ந்திருக்கின்றன. “வெச்ச எடத்துல இருந்தாத்தான் அவசரத்துக்குக் கைக்கு வரும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். என்னையும் அப்படித்தான் போன தடவை இந்த வண்டிக்கும் அத்தைக்கும் காவலாக வைத்துவிட்டுப் போனீர்கள்.

ஸ்பேனர்களைச் சுற்றியிருக்கிற ஊதாப் புடவை கந்தல் இல்லை. “அடுத்த வாட்டி உன்னையும் இட்டுக்கினு போறேன்” என்று போன லீவில் சொன்னீர்களே, அன்றைக்கே, பிளேன் ஏறும்போது கட்டிக்கொள்ளலாம் என்று எடுத்து வைத்தது. கட்டாமலே மடிப்பில் வெளுத்துப்போனதால் பழசு என்று நினைத்துவிட்டீர்கள். பிரிக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.

ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. என் பெட்டியையும் நம் ஸ்ரவந்தி பாப்பா பையையும் அங்கே வைத்திருக்கிறேன். உங்கள் சாமான் எதையும் நகர்த்தவில்லை.

வெள்ளிக்கிழமை நீங்கள் சென்னை ஏர்போர்ட்டுக்குப் போகிற வழியில்தானே வடமாலபேட்டை. எங்கள் அம்மா வீட்டு வாசலில் நிறுத்துங்கள். நானும் பாப்பாவும் இறங்கிக்கொள்கிறோம்.

தாட்சாயணி

அத்தையிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

குழம்பில் உப்பு கம்மி, பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

கோபத்தில் என் பெட்டியை வெளியே எடுத்தால், அதே இடத்தில் திரும்ப வையுங்கள். அவசரத்துக்குக் கைக்கு வர வேண்டும்.