ஆறு பேரையும் வரைஞ்சது நான்

என்னங்க,

சாதம் குக்கர்ல இருக்கு, குழம்பைச் சூடு பண்ணிக்கோங்க.

உங்க பேட்டியைப் படிச்சேன். "எங்க காமிக்ஸ்ல வர்ற ஆறு சூப்பர்ஹீரோவையும் நானே உருவாக்கினேன், வீட்டுக்காரி கலர் அடிச்சுக் குடுப்பா"ன்னு வாய் கூசாம சொல்லியிருக்கீங்க. பதினோரு வருஷமா கதை உங்களது, படம் என்னோடது. மின்னல்காரிக்கு என் தங்கச்சி மூக்கை வெச்சது யாரு, நீங்களா?

முதல் ஸ்கெட்ச் நோட்டை எடுத்துக்கிட்டு பதிப்பாளரைப் பார்க்கப் போறேன். அடுத்த இதழ் அட்டையில உங்க பேருக்குப் பக்கத்துல என் பேர் வரணும். இல்லேன்னா இனி ஒரு கோடுகூடப் போடமாட்டேன்.

வெளியே போனா சாவியைப் பக்கத்து வீட்டு அக்காகிட்ட குடுங்க.

பி.கு.: பதிப்பாளர் போன் பண்ணா, "ஏதோ கோபத்துல வர்றா"ன்னு மழுப்பாதீங்க. "அவ சொல்றது நிஜம்"னு சொல்லுங்க. அந்த ஒரு வசனத்தை ஒழுங்காச் சொல்லிட்டீங்கன்னா, சாயங்காலம் வந்து பேசுறேன்.