கட்சி எழுதாத சுவர்

அக்கா,

இன்று காலை சுண்ணாம்பு கரைத்தேன். பழைய பெயின்ட் வாளியில் தண்ணீரை ஊற்றியதும் பொங்கி எழுந்த அந்த வாசனையில், நீங்கள் பின்னால் வந்து நின்றது போலிருந்தது. "மொகத்தத் தள்ளி வெச்சுக்க கண்ணு, தெறிச்சுரும்" என்பீர்களே. தள்ளித்தான் வைத்துக்கொண்டேன். நீங்கள் கண்மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது. இந்த மடலை அப்போதே எழுதியிருக்க வேண்டும். உட்காரும்போதெல்லாம் பாப்பாவுக்குச் சளியோ காய்ச்சலோ, இல்லையென்றால் வந்துவிடுமோ என்ற பயமோ. என்னை உங்களுக்குத் தெரியாதா.

கொட்டச்சேடு பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருக்கும் உங்கள் காம்பவுண்டுச் சுவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் அதைப் பார்த்தபடிதான் நிற்க வேண்டும். அதனால் தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்கும் அதன்மேல் ஒரு கண். யார் கேட்டு வந்தாலும் உங்கள் பதில் ஒன்றுதான். "ஏனுங்க, ஊடு என்னுது, செவுரும் என்னுது. உங்க சங்கதிய உங்க செவுத்துல எழுதிக்கங்க." சொன்ன கையோடு டீயும் கொடுத்தனுப்புவீர்கள்.

உங்கள் பின்கட்டுக்கு நாங்கள் வாடகைக்கு வந்த புதிதில் நீங்கள் எனக்குப் பிடிபடவே இல்லை. ஏரிக்கரையில் தள்ளுவண்டிகளை அகற்ற அதிகாரிகள் வந்தபோது, கொய்யா விற்கிற அம்மாவின் வண்டிக்கு முன்னால் போய் நின்றீர்கள். செங்கொடிக்காரி என்றார்கள். அடுத்த மாதம் கடையடைப்பு. "பூட்டறவங்க பூட்டட்டும், தொறக்கறவங்க தொறக்கட்டும்" என்று தோட்டத்து மிளகை மூட்டை கட்டி விற்கக் கிளம்பினீர்கள். அன்று முதலாளிகளின் ஆளானீர்கள். கரடியூர் வியூ பாயின்ட்டில் ஓர் இளம் ஜோடியை நிறுத்தி, என்ன சாதி, தாலி எங்கே என்று மிரட்டிய நான்கு பேரை விரட்டிவிட்டீர்கள். உடனே சாமி இல்லையென்கிற கட்சி. கோயிலிலிருந்து நெற்றி நிறையத் திருநீற்றோடு வந்த வழியில்தான் அது நடந்தது என்பதை ஒருவரும் பார்க்கவில்லை.

மூன்று வருடம் அரசியல் அறிவியல் படித்தவளாயிற்றே, என்னால் சும்மா இருக்க முடியுமா? காப்பிப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு மதியம் சொன்னேன்.

"அக்கா, உங்களுக்குன்னு ஒரு பேரு இருக்குதுங்க. லிபர்டேரியன்."

"லைப்ரேரியனா? நான் பத்தாவதே தாண்டலியே சாமி!"

யாரும் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, அரசாங்கமும் முடிந்தவரை தள்ளி நிற்க வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு அந்தப் பெயர் என்று விளக்கினேன். "செரி, அப்ப அதுதானாட்ட இருக்குது" என்று சிரித்தீர்கள். எனக்கு ஒரே பெருமை.

ஒரு வாரம்கூட அது நிற்கவில்லை. பால்வாடிக்கு முன்னால் வேகத்தடை கேட்டு மனு எழுதினேன். அந்த வளைவில் டூரிஸ்ட் வண்டிகள் வருகிற வேகம் அப்படி. உங்களிடம் நீட்டத்தான் தயங்கினேன். நீங்களே பிடுங்கி முதல் கையெழுத்தைப் போட்டீர்கள்.

"இது உங்க கொள்கைக்கு ஆகாதேங்க்கா?"

"கொள்கையா? அந்தச் சட்டையத் தெச்சவ நீ. பத்தலைன்னா நீயே பிரிச்சுத் தெய்யி. கொழந்தைக மேல வண்டி ஏத்தறதுக்கு எவனுக்கும் உரிமையில்ல, அவ்வளவுதான்."

எல்லாவற்றிலும் நான் உங்களோடு ஒத்துப்போனதில்லை. பிளாஸ்டிக் தடையை நீங்கள் குறை சொன்னபோது சண்டையே போட்டேன். இன்றும் தடை வேண்டும் என்றுதான் சொல்வேன். நீங்களோ சண்டை முடிந்ததும் பழைய சேலையைக் கிழித்து ஊருக்கெல்லாம் பை தைத்துக் கொடுத்தீர்கள். நான் பரிந்து பேசிய சட்டம் அந்த மாதம் அவ்வளவு துணிப்பைகளை ஊருக்குள் கொண்டுவரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு அந்தத் தேர்தல். நீங்கள் தோட்டத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து பிரஷ்ஷும் வாளியுமாக வந்தார்கள். "அந்தக்கா எந்தப் பக்கமுங்க?" என்று அதட்டலாகக் கேட்டார் ஒருவர். என் இடுப்பில் கைக்குழந்தை. உங்களோடு பகை வளர்ந்துவிடுமோ என்று பயந்து, "எந்தக் கட்சியும் இல்லீங்க, அவங்க லிபர்டேரியன்" என்று உளறினேன்.

"லைப்ரேரியனுங்களா! கவர்மெண்ட் உத்தியோகமுன்னு மொதல்லயே சொல்றதில்லீங்களா? அவங்க செவுத்துல எழுதுனா நொம்ப வம்பாப் போயிருமே!"

போய்விட்டார்கள். நான் திருத்தவில்லை.

சாயங்காலம் கேட்டுவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். "கவர்மெண்ட் தள்ளி நிக்கோணும்ங்கறவளுக்கு கவர்மெண்ட் வேலையே வாங்கிக் குடுத்துட்டியே!" அப்புறம் எழுந்து செருப்பை மாட்டினீர்கள். பஸ் ஸ்டாப்பில் எல்லோர் முன்னாலும் அவர்களிடம் சொன்னீர்கள்: "நான் லைப்ரேரியன் இல்லீங்க. எழுத வேண்டாங்கறது என்ற இஷ்டம். அதுக்கு வேற காரணம் வேண்டியதில்லீங்க."

அன்று எனக்கு உங்கள்மேல் கோபம். தானாக ஓய்ந்த வம்பை யாராவது போய்த் தட்டி எழுப்புவார்களா? "பொய் சொல்லித் தப்பிச்சா, அடுத்த தடவையும் அதையேதான் தேடோணும் கண்ணு" என்றீர்கள். ஆத்திரத்தில் நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டேன்.

இப்போது வீட்டை உங்கள் தம்பி என் பொறுப்பில் விட்டுவிட்டுச் சேலத்தில் இருக்கிறார். மறுபடி தேர்தல். நேற்று அதே கட்சிக்காரர்கள் வந்து, "நாளைக்கு எழுதறமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். என் வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிற ஸ்டாண்டில் பாதிப்பேர் அந்தக் கட்சிதான். "எழுதிட்டுப் போகட்டும் உடு. நாளைக்கு எனக்குச் சவாரி முறை வராமப் பண்ணீருவாங்க" என்றார். அவர் பயமும் பொய்யில்லை. பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வருடம் இது.

ஆனாலும் விடிந்ததும் சுண்ணாம்பைக் கரைத்து அடிக்கத் தொடங்கிவிட்டேன். பாதிச் சுவர் வெளுத்தபோது வந்து நின்றார்கள். அன்று அதட்டியவரும் இருந்தார். இப்போது அவர் குரலில் கேலிதான்.

"என்னுங்க, நீங்களும் லைப்ரேரியனுங்களா?"

அக்கா, ஆமாம் என்று சொல்லியிருந்தால் சிரித்துக்கொண்டே போயிருப்பார்கள். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"இல்லீங்க" என்றேன். "செவுரு இப்ப என்ற பொறுப்புங்க. எழுத வேண்டாமுங்க."

"அப்ப எந்தக் கட்சின்னாவது சொல்லுங்க."

"டீ குடிக்கறீங்களா?"

ஒருவர் வாங்கிக் குடித்தார். கேட்டவர் குடிக்கவில்லை. எழுதவும் இல்லை.

வீட்டுக்காரர் இன்னும் ஸ்டாண்டிலிருந்து திரும்பவில்லை. சவாரி கிடைத்ததா என்று போனில் கேட்கவும் பயமாக இருக்கிறது. பாப்பாவுக்குச் சோறு ஊட்டுமுன் மூன்று தடவை கை கழுவிவிட்டேன். நகக்கண்ணில் இருக்கிற உங்கள் சுண்ணாம்பு மட்டும் போகவில்லை.