புலம்பலில் விட்டுப்போனது

திருவண்ணாமலை
12.3.1996

அன்புள்ள தென்றலுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், என் இடுப்பைத் தவிர. நீயும் மாப்பிள்ளை சக்திவேலும் குழந்தை இனியனும் ஓசூர்க் குளிரில் சளி பிடிக்காமல் இருக்கிறீர்களா?

போன வாரம் பௌர்ணமி. மலை சுற்றும் பாதைக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு வீடு கிடைத்தது புண்ணியம் என்று உன் மாமா சொன்னாரே, அந்தப் புண்ணியத்தில் இந்த மாதம் பதினாலு பேர் வந்து இறங்கினார்கள். எல்லோரும் அவர் வழிச் சொந்தம். மலையைச் சுற்றிவிட்டு வந்து வரிசையாகக் காலை நீட்டுகிறார்கள், நான் வெந்நீர் போட வேண்டும். செங்கத்துப் பெரியப்பா அப்பாதுரையின் கால் பக்கெட்டில் இருக்கிறது, வாய் என்னிடம் இருக்கிறது. "இன்னாமா திரௌபதி, சட்னில உப்பு கம்மியா இருக்குதே. ஆபீஸ் நெனப்பா?" என்கிறார். அப்போது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தது ஒன்பதாவது தோசை. நடந்தது அவர்கள், இடுப்பு வலி எனக்கு.

மறுநாள் ஆபீஸ். வேங்கிக்கால் போகிற டவுன் பஸ்ஸில் ஒரு கால் வைக்கத்தான் இடம். இன்னொரு காலை வேங்கிக்காலில் இறங்கித்தான் ஊன்றினேன். எட்டு நிமிஷம் லேட். எங்கள் சூப்பிரண்டு பரசுராமன் சார் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எட்டு நிமிஷத்துக்கு ஒன்பது நிமிஷம் அறிவுரை சொன்னார். முடித்ததும், "நான் இங்க வெச்ச ஃபைல் எங்கம்மா?" என்றார். அவர் முழங்கைக்குக் கீழேயே இருந்தது. தினமும் அங்கேதான் இருக்கும். தினமும் நான்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

உன் மாமாவுக்குப் பேர்தான் சக்கரவர்த்தி. சைக்கிள் கடையைப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தால் தண்ணீர்ச் சொம்பு தானாக நடந்து வர வேண்டும். நேற்று எனக்கு முடியவில்லை, ஒரு டீ போடுங்கள் என்றேன். "டீத்தூள் எங்க?" என்றார். டீத்தூள் என்று எழுதிய டப்பாவில் என்றேன். திறந்து பார்த்துவிட்டு, "இதுல பருப்பு இருக்குது" என்றார். பருப்புதான் இருந்தது. அது வேறு விஷயம்.

எழில் எல்.கே.ஜி.யில் நன்றாகக் கத்துகிறாள். இனியனுக்கு முத்தம்.

இடுப்பு பிடித்த அக்கா,
திரௌபதி


ஓசூர்
30.3.1996

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று எங்கள் வீட்டில் ஒரே கூட்டம். நான் சொல்லவே இல்லையே, இவர் உன் கடிதங்களை வாசலில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்கிறார். அப்பாதுரைப் பெரியப்பாவுக்கு ஒரு குரல், சூப்பிரண்டுக்கு ஒரு குரல். எதிர்வீட்டு வேதா அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறார். "அண்ணாமலைக் கடிதாசி வந்துதா?" என்று வாரம் இரண்டு தடவை கேட்கிறார்.

எனக்கு உன்னைப் போல் எழுத ஒன்றும் இல்லை. காலையில் குக்கர், மதியம் குக்கர். இவர் ஷிப்ட் முடிந்து வந்தால் தூங்குவார், விழித்தால் சாப்பிடுவார். குறை சொல்ல முடியாது, நல்ல மனிதர்.

நேற்று இனியனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று பார்த்தால் அவன் முதுகில் என் விரல்கள் ஏ எஸ் டி எஃப் அடித்துக்கொண்டிருக்கின்றன. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணி ஆறு வருஷம் ஆகிறது அக்கா. பையன் தூங்கிவிட்டான். எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது.

மாமாவைக் கேட்டதாகச் சொல். எழிலுக்கு முத்தம்.

உன் தங்கை,
தென்றல்


திருவண்ணாமலை
18.6.1996

அன்புள்ள தென்றலுக்கு,

வெயில் இன்னும் குறையவில்லை. மலை காய்ந்த அடுப்பு மாதிரி இரவிலும் சுடுகிறது. என் மாமியார் மின்விசிறிக்கு நேராகப் படுத்துக்கொண்டு, "காத்தே வரலியே, இன்னாடிம்மா பண்ண?" என்று என்னைக் கேட்கிறார். காற்றை நான்தான் முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன் போல.

நேற்று திங்கட்கிழமை, மனு வாங்கும் நாள். மூன்று மாவட்டத்து ஜனமும் என் ஜன்னலில்தான் நிற்பது போல இருந்தது. மேலே மின்விசிறி சத்தம் மட்டும் போடுகிறது. ஒரு அம்மாவுக்கு ஒரு சான்றிதழ் தேடி எடுத்துக் கொடுத்ததில் மதியச் சாப்பாடும் போச்சு. சாயங்காலம் டப்பாவைத் திறந்தால் சோறு ஊசிப்போயிருந்தது. வீட்டுக்கு வந்தால், "சோத்த வீணாக்கிட்டியே" என்று மாமியாரிடம் தனியாகப் பாட்டு. டீ விவகாரத்தில் மட்டும் சூப்பிரண்டு இனி என்னிடம் வாய் திறக்க மாட்டார். அதை விடு.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். குரூப் நாலு தேர்வு அறிவித்துவிட்டார்கள். நான் எழுதி நாலு வருஷம் கழித்து இப்போதுதான் வருகிறது. ஜூலை 31 கடைசித் தேதி. இதை விட்டால் அடுத்தது எப்போதோ. நீ எழுது தென்றல். ஃபாரம் நான் வாங்கி வைக்கிறேன்.

அக்கா,
திரௌபதி


ஓசூர்
6.7.1996

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை இவர் ஷிப்டுக்குப் போனபிறகு எழுதுகிறேன்.

தேர்வைப் பற்றிக் கேட்டேன். இவர் கோபப்படவில்லை. உள்ளே போய் உன் கடிதங்களை எல்லாம் எடுத்துவந்தார். ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு டிவி மேல் பத்திரமாக வைத்திருக்கிறார். ஒவ்வொன்றாகப் பிரித்து என் மடியில் வைத்தார்.

"உங்கக்காவே எழுதியிருக்காங்க பாரு. பஸ்ல தொங்கறாங்க. மேலதிகாரிகிட்ட திட்டு வாங்கறாங்க. சோறு ஊசிப்போவுது, வீட்லயும் பேச்சு கேக்கறாங்க. இதெல்லாம் உனக்குத் தேவையா? நான் உன்ன ராணி மாதிரி வெச்சிருக்கேன்" என்றார்.

அக்கறையோடுதான் சொன்னார், அதுதான் கஷ்டம். எல்லாம் உன் கையெழுத்தில் இருக்கிறதே.

உண்மையைச் சொல் அக்கா. அவ்வளவு கஷ்டமா? வேலையை விட்டுவிடலாம் என்று உனக்குத் தோன்றியிருக்கிறதா?

தென்றல்


திருவண்ணாமலை
14.7.1996

அன்புள்ள தென்றலுக்கு,

உன் கடிதம் வந்து அஞ்சு நாள் ஆகிறது. தினமும் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். என் புலம்பலைப் படித்து நீ சிரிக்கிறாய் என்று நினைத்தேன். அதை வைத்தே உனக்குக் கதவைச் சாத்துவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. தப்பு என்னுடையது. அலுப்பை எல்லாம் பக்கம் பக்கமாக எழுதினேன். நல்லதை எழுத வெட்கமாக இருந்தது. நம்மை நாமே மெச்சிக்கொண்டால் அம்மா எப்படி முறைப்பாள் என்று உனக்குத் தெரியுமே. விட்டுப்போனதை இன்று எழுதுகிறேன். மாப்பிள்ளை இதையும் வாசலில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்கட்டும்.

முதலில் அந்த டீ. பரசுராமன் சார் தினமும் பதினோரு மணிக்கு, "திரௌபதி, நாலு டீ வாங்கிட்டு வாம்மா" என்பார். எங்கள் பிரிவில் ஆறு பேர், நான் ஒருத்திதான் பெண். மே மாதம் ஒரு திங்கட்கிழமை, என் மேஜையில் நூற்று நாற்பது மனு கிடக்கிறது. அன்றைக்கும் கேட்டார். எழுந்து என் பேனாவை அவர் மேஜையில் வைத்தேன். "போறேன் சார். நான் வர்ற வரைக்கும் நீங்க நம்பர் போட்டு வைங்க" என்றேன். குரல் நடுங்கியது, அதையும் எழுதிவிடுகிறேன். நான் டீயோடு வரும்போது பதினோரு மனுவுக்கு நம்பர் போட்டிருந்தார். அதில் இரண்டு மனுவுக்கு ஒரே நம்பர். மறுநாளிலிருந்து அவரே போய் டீ வாங்கி வருகிறார். எனக்கும் சேர்த்து.

அடுத்தது ஊசிப்போன சோறு. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து கன்னியம்மா என்று ஒரு அம்மா. மகளுக்கு நர்ஸ் பயிற்சியில் இடம் கிடைத்திருக்கிறது. மறுநாள் காலை வேலூரில் சான்றிதழ் காட்ட வேண்டும். மனு கொடுத்து நாற்பது நாள் ஆயிற்று, அடுத்த வாரம் வா என்று மூன்று தடவை திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அந்த அம்மா அழவில்லை. சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். அந்தப் பெண் மார்க் ஷீட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அந்த மனு நினைவிருந்தது, பச்சை மையில் எழுதியது. ரெஜிஸ்டரைப் பார்த்து, மூன்று மேஜை, இரண்டு பீரோ தேடினேன். வேறு ஏதோ கட்டோடு சேர்த்துக் கட்டிக் கிடந்தது. எழுதிக் கொண்டுபோனால் ஆபீசர் ஜீப்பில் ஏறிவிட்டார். ஜீப்புக்கு முன்னால் போய் நின்றேன் தென்றல். நான்தான்! கோயில் யானைக்கு முன்னால் நிற்கக்கூட பயப்படுவேனே, அந்த நான்.

"இன்னாமா?" என்றார் டிரைவர். "ஒரு கையெழுத்து சார். இந்தப் பொண்ணு நாளைக்கு வேலூர்ல இருக்கணும்" என்று ஆபீசரைப் பார்த்துச் சொன்னேன். அவர் இறங்கி, ஜீப் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். முத்திரை குத்தி நான் கையில் கொடுக்கும்போது மணி நாலே கால். பெண்ணைச் சேர்த்துவிட்டதாகச் சொல்ல அந்த அம்மா போன வாரம் வந்தாள், ஒரு பை வேர்க்கடலையோடு. வாங்கக் கூடாது என்று எவ்வளவோ சொன்னேன். "உனக்கில்லம்மா, ஆபீசுக்கு" என்று மேஜையில் கொட்டிவிட்டுப் போய்விட்டாள். பரசுராமன் சார்தான் ஜாஸ்தி தின்றார்.

அப்புறம் உன் மாமா. எழில் வயிற்றில் எட்டு மாதமாக இருந்தபோது நான் தேர்வு எழுதினேன். வேலூர் வரைக்கும் பஸ்ஸில் என் முதுகுக்கு ஒரு தலையணை கொண்டுவந்தார். நான் உள்ளே எழுத, அவர் பள்ளிக்கூட வாசலில் வெயிலில் மூன்று மணி நேரம் தலையணையும் கையுமாக நின்றார். போகிறவன் வருகிறவன் எல்லாம் சிரித்தான். "எம்பொண்டாட்டி பரிட்ச எழுதுறா" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாராம். இந்த மனிதருக்கு டீத்தூள் தெரியாது, உண்மைதான். ஆனால் அந்தத் தலையணையை நான் உனக்கு எழுதவே இல்லையே.

விட்டுவிடலாம் என்று தோன்றியதா எனக் கேட்டாய். ஒரு நாளும் தோன்றியதில்லை. பஸ்ஸில் தொங்கும்போதும் தோன்றியதில்லை. என் வீட்டைப் பற்றியும்தான் இத்தனை வருஷமாகப் புலம்புகிறேன். வீட்டை விட்டுவிடு என்று யாரும் சொல்லவில்லையே.

மாப்பிள்ளைக்கு ஒரு வார்த்தை: என் தங்கையை நீங்கள் ராணி மாதிரி வைத்திருப்பதில் எங்களுக்குச் சந்தோஷம். அவள் கெட்டிக்காரி என்பதையும் சேர்த்து நினைவு வைத்துக்கொள்ளுங்கள். ஃபாரம் இத்துடன் இருக்கிறது. இனி அவள் இஷ்டம்.

அக்கா,
திரௌபதி


ஓசூர்
26.7.1996

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் வந்ததும் வழக்கம்போல வாசலில் உட்கார்ந்தார். டீக்கு நன்றாகச் சிரித்தார். ஜீப் வந்ததும் குரல் இறங்கிவிட்டது. தலையணையில் நின்றுவிட்டார். வேதா அக்கா, "அப்புறம்? அப்புறம்?" என்கிறார். "நீ படி" என்று என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். மீதியை நான் படித்தேன். 'அவள் கெட்டிக்காரி' என்று வந்த இடத்தில் நானும் நிறுத்திவிட்டேன், வேதா அக்காதான் வாங்கி முடித்தார்.

நாலு நாள் போனது. ஃபாரம் டிவி மேலேயே கிடந்தது. அஞ்சாம் நாள் சாப்பிட்டுக்கொண்டே, "ஃபோட்டோ ரெண்டு ஒட்டணுமாமே, உங்கிட்ட இருக்குதா?" என்றார். நான் தூங்கும்போது எடுத்து முழுசாகப் படித்திருக்கிறார்! நேற்று இரண்டு பேரும் போஸ்டாபீசுக்குப் போய் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டோம். வரிசையில் அவர்தான் நின்றார்.

வரும் வழியில், "பையன நான் பாத்துக்கறேன். ஆனா தலகாணி தூக்கமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றார்.

உன் தங்கை,
தென்றல்


திருவண்ணாமலை
5.9.1997

என் தங்கத்துக்கு,

பேப்பரில் உன் நம்பரை நாலு தடவை பார்த்தேன். நம்பாமல் ஆபீசுக்குக் கொண்டுபோனேன். பரசுராமன் சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஸ்கேலை வைத்து ஒவ்வொரு எண்ணாகப் படித்து, "சரியாத்தாம்மா இருக்குது" என்று ஏதோ ஃபைலுக்கு ஒப்புதல் தருவது போல் சொன்னார். உன் மாமா அன்று முழுக்க கடைக்கு வந்த எல்லா சைக்கிளுக்கும் இலவசமாகக் காற்று அடித்தார். மாமியார் தெருவில் போய், "எங்க திரௌபதி தங்கச்சியும் கவுருமெண்ட்டு" என்று சொல்லிவிட்டு வந்து, காபியில் சர்க்கரை கம்மி என்று என்னிடம் ஆரம்பித்தார்.

அப்பா இருந்திருந்தால் நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் நின்று ஒவ்வொரு பஸ்ஸையும் நிறுத்திச் சொல்லியிருப்பார்.

அக்கா,
திரௌபதி


ஓசூர்
9.3.1998, மதியம்

அன்புள்ள அக்காவுக்கு,

வேலையில் சேர்ந்து இன்றோடு ஒரு வாரம். சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன். இடைவேளை என்று பேர், பன்னிரண்டு நிமிஷம்தான் மிச்சம். இந்த ஆபீசைப் பற்றி உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

எனக்குக் கொடுத்த நாற்காலிக்கு மூன்று கால்தான் சரியாக இருக்கிறது. நாலாவது காலுக்குப் பழைய ரெஜிஸ்டர் ஒன்றை முட்டுக்கொடுத்திருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை அந்த ரெஜிஸ்டரை யாரோ அவசரமாகத் தேட, நான் நின்றுகொண்டே வேலை செய்தேன். டைப்ரைட்டரில் 'ர' ஒட்டிக்கொள்கிறது. அரசு என்று அடித்தால் அரரசு என்று வருகிறது. ஹெட் கிளார்க் அர்ஜுனன் சார், "அரசாங்கத்த இழுத்து இழுத்து அடிக்கிறியேம்மா" என்கிறார். பெண்கள் கழிவறைச் சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் டீக்கடையில்.

வீட்டில் அதற்கு மேல். இவர் காலையில் சாம்பாரில் உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டார். ஒன்று நான் போட்டுவிட்டேன் என்று தெரியாமல், இன்னொன்று தான் போட்டதை மறந்து. இனியனுக்கு சட்டையை உள்பக்கம் வெளியே போட்டுப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, "டீச்சருக்கு தெரியாது" என்கிறார். சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து வேதா அக்காவிடம் என்னைப் பற்றிப் புலம்புகிறார். நான் எட்டு மணிக்குக் கிளம்பும்போது மட்டும் தெருமுனை வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு வருகிறார். பஸ் திரும்புகிற வரைக்கும் நிற்கிறார்.

இன்னும் நிறைய இருக்கிறது அக்கா, ஆனால் ஜன்னல் பக்கம் கூட்டம் சேர்ந்துவிட்டது. யாரோ ஒரு பெரியவர் காகிதத்தை நீட்டி, "மேடம், மேடம்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். யாரை என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருக்கிறது.

என்னைத்தான் அக்கா.

தென்றல்